டிஜிட்டல் பொருளாதாரம் வந்தால் ஊரில் வேலை கூடுமா, குறையுமா? சென்னையை வைத்து ஒரு எளிய விளக்கம்

'டிஜிட்டல் பொருளாதாரம்' என்று செய்தியில் படித்ததும் பலருக்குக் கண்முன் வருவது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரின் கண்ணாடிக் கட்டடங்களும், கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கும் ஐடி பசங்களும்தான். சரி, அதுவும் உண்டு. ஆனால் அந்த டீக்கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை, கடைக்கு வெளியே வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு அடுத்த ஆர்டர் விழுமா என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கும் டெலிவரி தம்பி, இரவு ஷிஃப்ட் ஆட்களை ஏற்றக் காத்திருக்கும் கேப் டிரைவர், இவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு வகையில் அதற்குள் வருகிறார்கள்.

மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் புரிவது சுலபம். நடுவில் இருப்பவை மென்பொருள், தொலைத்தொடர்பு, கணினி, செல்போன் தயாரிப்பு போன்ற அசல் டிஜிட்டல் தொழில்கள். டிசிஎஸ், காக்னிசன்ட், ஸோஹோ எல்லாம் இங்கே; ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையும் இங்கேதான். அடுத்த அடுக்கு, இணையம் இல்லாவிட்டால் இருக்கவே முடியாத தொழில்கள்: ஸ்விக்கி, ஸொமேட்டோ, ஊபர், ரேபிடோ, அமேசான், அர்பன் கம்பெனி. அதற்கும் வெளியே, காலங்காலமாக இருக்கிற தொழில்கள் டிஜிட்டலைத் தொட்டுக்கொண்டது: வங்கி, மருத்துவமனை, மளிகைக் கடை, கோயம்பேட்டில் காய் எடுத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து விற்பவர் வரைக்கும். வேலையைப் பற்றிப் பேசும்போது மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒவ்வொரு அடுக்கிலும் நடப்பது வேறு.

முதலில் ஒரு கணக்கு. மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி 2022-23-இல் நாட்டு வருமானத்தில் டிஜிட்டல் பொருளாதாரத்தின் பங்கு 11.74 சதவீதம். அதில் வேலை பார்ப்பவர்கள் சுமார் 1.47 கோடிப் பேர், அதாவது நாட்டில் வேலை பார்ப்பவர்களில் 2.55 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட்டில் உண்டாகும் 100 ரூபாயில் கிட்டத்தட்ட 12 ரூபாய் இங்கிருந்து வருகிறது. வேலை செய்யும் 100 பேரில் 3 பேர்கூட இங்கே இல்லை. பணம் நிறைய, ஆள் கொஞ்சம். அப்படியானால் சென்னை மாதிரி ஊரில் இதை நம்பி இத்தனை பேர் எப்படிப் பிழைக்கிறார்கள்? அந்த 3 பேர் கைக்கு வரும் பணம் எந்த இடத்தில், எப்படிச் செலவாகிறது என்று பார்த்தால்தான் அது விளங்கும்.

ஒரு கட்டடம், அதைச் சுற்றி ஒரு ஊர்

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000 ஜூலை 4-ஆம் தேதி. டிட்கோவும் எல்காட்டும், அதாவது மாநில அரசின் இரண்டு நிறுவனங்கள், சேர்ந்து கட்டியது. அதற்கு முன்பே ஊரில் மென்பொருள் வேலை இருந்தது. காக்னிசன்ட் 1994-இல் சென்னையில்தான் தொடங்கியது, ஸோஹோ 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. ஆனால் டைடலுக்குப் பிறகுதான் பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று ஓஎம்ஆர் நெடுக அலுவலகங்கள் முளைத்தன.

அந்தச் சாலையில் ஏதாவது ஒரு பெரிய அலுவலகத்தின் வாசலில் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய் நின்று பாருங்கள். உள்ளே கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் என்றால், அவருக்காக வேலை செய்பவர்கள் வரிசையாகத் தெரிவார்கள். கேட்டில் பையைச் சோதிக்கும் செக்யூரிட்டி, மாடியில் ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், கேன்டீனில் தோசை ஊற்றுபவர், ஏசி பழுது பார்ப்பவர், ஷிஃப்ட் வண்டி ஓட்டுபவர். அந்தக் கணினி ஊழியர் தங்கியிருக்கும் பீஜி (மாத வாடகை விடுதி), பீஜிக்கு இட்லி மாவு கொடுப்பவர், துணி தேய்ப்பவர், கல்யாணமாகிக் குடியேறிய அடுக்ககத்தின் வாட்ச்மேன், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்து ஆயா, அப்புறம் ஓஎம்ஆர் என்றால் விடவே முடியாதவர், தண்ணீர் லாரி ஓட்டுநர். இவர்களில் யாருமே மென்பொருள் எழுதவில்லை. ஆனால் அந்த அலுவலகம் நாளைக்கே மூடினால் இவர்கள் வருமானமும் சேர்ந்து அடிவாங்கும்.

பொருளாதாரத்தில் இதைப் பெருக்கல் விளைவு என்பார்கள். வெளியூரிலிருந்து, இங்கே வெளிநாட்டிலிருந்து, ஒரு நகரத்துக்குள் பணம் கொண்டுவரும் வேலை ஒன்று வந்தால், அந்தப் பணம் உள்ளூரில் கைமாறிக் கைமாறி இன்னும் சில வேலைகளை உண்டாக்கும். என்ரிகோ மொரெட்டி என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க நகரங்களை வைத்துப் போட்ட கணக்கில், ஓர் உயர் தொழில்நுட்ப வேலைக்கு நாளடைவில் ஏறக்குறைய 5 உள்ளூர் வேலைகள் சேர்கின்றன. அந்த 5-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு வந்து சென்னைக்குப் பொருத்திவிடக் கூடாது. அங்கே சம்பளமும் வாடகையும் வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிற பழக்கமும் வேறு. ஆனால் இழை ஒன்றுதான்.

இந்த இழை எவ்வளவு கெட்டி என்பதை 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு காட்டிவிட்டது. நினைத்துப் பார்த்தால் அது ஒரு விசித்திரமான சோதனை. ஐடி ஊழியர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வேலை போகவில்லை, மாதச் சம்பளம் வந்துகொண்டேதான் இருந்தது, வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள், நிறுவனங்களுக்கும் வருமானம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் சேலத்துக்கும் சொந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். ஓஎம்ஆரில் பீஜிக்கள் காலியாயின, மெஸ்களில் அடுப்பு அணைந்தது, கடன் வாங்கி இன்னோவா எடுத்து ஐடி கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தவணை கட்ட வழியில்லாமல் போனது. அந்தக் காலத்தில் நாவலூர்ப் பக்கம் வரிசையாக 'வாடகைக்கு' பலகை தொங்கியது பலருக்கு நினைவிருக்கும். டிஜிட்டல் வேலை பெரிதாகக் குறையாமலே ஒரு நகரத்தில் மற்ற வேலைகள் பொலபொலவென்று உதிர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பணம் எங்கே சம்பாதிக்கப்படுகிறது என்பதோடு, சம்பாதிப்பவர் எங்கே சாப்பிட்டு எங்கே தூங்குகிறார் என்பதும் கணக்கில் வரும்.

இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். ஸோஹோ தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்ததும் அங்கேயும் இதே மாதிரி கடைகளும் வாடகை வீடுகளும் வண்டிகளும் சேர ஆரம்பித்தன. சென்னைக்கு அது கொஞ்சம் நஷ்டம், தென்காசிக்கு லாபம். என்னைக் கேட்டால், எல்லா வேலையையும் ஒரே சாலையில் குவித்துவிட்டு அப்புறம் டிராஃபிக் என்று அழுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமான வேலை

பெருக்கல் விளைவு என்றதும் எல்லாருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வேலையின் எண்ணிக்கையைச் சொன்னோமே தவிர, அது என்ன மாதிரி வேலை என்று இன்னும் சொல்லவில்லை.

துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. 2000-ஐ ஒட்டி, நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை அப்புறப்படுத்திக் குடிசை மாற்று வாரியம் கொண்டுவந்து குடியேற்றிய இடம். அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். மயிலாப்பூரிலும் சேத்துப்பட்டிலும் வீட்டு வேலை, மீன் விற்பது, கட்டட வேலை என்று பிழைத்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று பல கிலோமீட்டர் தள்ளி வந்து விழுந்தார்கள். பழைய வேலைக்குப் பஸ் பிடித்துப் போனால் கட்டுப்படியாகாது. பக்கத்தில் இருந்தது ஐடி கம்பெனிகள். அங்கேயுள்ள பெண்களில் நிறையப் பேர் அந்தக் கம்பெனிகளில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தது இப்படித்தான்.

ஆனால் அவர்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள் கிடையாது. கம்பெனி ஒரு பராமரிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும், அது சில சமயம் இன்னொரு ஏஜென்சிக்குக் கொடுக்கும், அந்த ஏஜென்சி இவர்களை வேலைக்கு எடுக்கும். இதனால் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். கம்பெனி நன்றாக ஓடி லாபம் இரண்டு மடங்கானால் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு போனஸ் வரலாம்; தரையைத் துடைப்பவருக்கு அந்த லாபத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் சம்பளத்தைத் தீர்மானிப்பது, அடுத்த டெண்டரில் எந்த ஏஜென்சி குறைந்த விலை கேட்கிறது என்பது மட்டும்தான். ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஆலையில் தோட்டக்காரரும் காவலாளியும்கூட ஆலைப் பதிவேட்டில் இருந்திருப்பார்கள், பி.எஃப். முதல் கேன்டீன் சலுகை வரை கிடைத்திருக்கும். இன்று ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள் இரண்டு தனித்தனி உலகத்தில் வேலை பார்க்கிறார்கள்.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவதே இதைத்தான். டிஜிட்டல் பொருளாதாரம் வேலையை உண்டாக்குகிறதா அழிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், அது செய்கிற பெரிய வேலையைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். தொழிலில் நஷ்டம் வந்தால், வியாபாரம் மந்தமானால், வண்டி பழுதானால், அடிபட்டால், அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதை அது மாற்றி எழுதுகிறது. ஆப் வேலைகளில் இது அப்பட்டமாகத் தெரியும்.

ஆப் வழியாக வரும் வேலை

உணவு டெலிவரியை எடுத்துக்கொள்வோம். இதில் சேர ஒரு பைக், லைசென்ஸ், ஸ்மார்ட்போன், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். சிபாரிசு வேண்டாம், இன்டர்வியூ வேண்டாம், நீ எந்த ஊர், யார் வீட்டுப் பையன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விழுப்புரத்திலிருந்து நேற்று வந்து இறங்கிய ஒருவர் அடுத்த சில நாளில் சம்பாதிக்க ஆரம்பித்துவிடலாம். வேலைக்குச் சேர்வது இவ்வளவு சுலபமாக இருந்த காலம் நம் ஊரில் இதற்கு முன்னால் இருந்ததாகத் தெரியவில்லை. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது; வேலை இழந்தவர், படித்துக்கொண்டே சம்பாதிக்க வேண்டியவர், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவர் எனப் பலருக்கு இது கைகொடுக்கிறது.

இப்போது செலவைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, ஒருவர் பத்து மணி நேரம் லாகினில் இருந்து 900 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 110 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியில் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்றாலே 250 போய்விடும். ஆயில் மாற்றுவது, டயர், பிரேக், வண்டித் தவணை, போன் ரீசார்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரு 100 ஒதுக்கினால் மிச்சம் 550. அதாவது மணிக்கு 55 ரூபாய். கம்பெனிக்கு வண்டி வாங்கும் செலவு இல்லை, பெட்ரோல் செலவு இல்லை, வண்டி கீழே விழுந்தால் மெக்கானிக் செலவும் இல்லை.

இதைவிட முக்கியமானது காத்திருக்கும் நேரம். பிற்பகல் மூன்று மணிக்கு ஆர்டர் விழாது, மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஹோட்டலில் பிரியாணி பார்சல் தயாராக இருபது நிமிடம் ஆகும், நிற்பார்கள். மாதச் சம்பளத்தில் ஒரு டெலிவரி ஆளை ஹோட்டலே வைத்திருந்தால் அந்த மூன்று மணி வெட்டிப் பொழுதுக்கும் ஹோட்டல்தான் சம்பளம் கொடுத்தாக வேண்டும். இங்கே பணம் பெரும்பாலும் ஆர்டருக்குத்தான், அதனால் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தின் நஷ்டம் முழுக்க ஓட்டுபவருடையது. இன்சென்டிவ், மழை நாளில் கூடுதல் தொகை இதெல்லாம் உண்டு, ஆனால் அதன் விதிகளை எழுதுவதும் மாற்றுவதும் ஆப்தான். ரேட்டிங் இறங்கினாலோ வாடிக்கையாளர் புகார் கொடுத்தாலோ ஆப்பில் அவருடைய கணக்கு, அதாவது ஐடி, பிளாக் ஆகும், மறுநாள் வேலை இல்லை. இவரைப் 'பார்ட்னர்' என்று அழைப்பதால், தொழிலாளி என்றால் சட்டப்படி செய்ய வேண்டிய நோட்டீஸ், விசாரணை எதுவும் கட்டாயம் கிடையாது.

ஹோட்டல் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. தெருமுனை மெஸ் ஒன்று ஆப் வழியாக 200 ரூபாய்க்கு ஒரு பார்சல் விற்கிறது. கமிஷன் 25 சதவீதம் என்றால் 50 ரூபாய், அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 9 ரூபாய், ஆக கைக்கு வருவது 141. இதற்குள் அரிசியும் கறியும் கேஸும் டப்பாவும் மாஸ்டர் சம்பளமும் அடங்க வேண்டும். அதனால்தான் கடையில் 160-க்குக் கிடைப்பது ஆப்பில் 200 ஆகிறது. இதனால் வேலை எப்படி மாறுகிறது பாருங்கள். முன்பு பத்து மேஜைக்கு நான்கு சர்வர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு சர்வர், பார்சல் கட்ட இரண்டு பேர். சில இடங்களில் மேஜையே இல்லை, வெறும் சமையலறை மட்டும் ஏதோ ஒரு சந்துக்குள் ஓடுகிறது. மாஸ்டர் வேலை நிற்கிறது, சர்வர் வேலை சுருங்குகிறது, டிப்ஸ் என்ற ஒரு வருமானம் கிட்டத்தட்ட காணாமல் போகிறது. மொத்தத்தில் ஆட்கள் கூடியிருக்கலாம், ஆனால் சர்வராக இருந்த ஐம்பது வயதுக்காரர் பைக் ஏறி டெலிவரிக்குப் போவாரா என்றால் போக மாட்டார்.

ஆட்டோ கதை கொஞ்சம் வேறு மாதிரி போனது. சென்னையில் ஆட்டோவுக்கு அரசு கடைசியாக மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது 2013-இல்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. பெட்ரோல் விலை ஏற ஏற அந்தக் கட்டணம் காகிதத்தில் மட்டும் நின்றது, தெருவில் பேரம்தான். ஸ்டாண்டு முறையில் அந்த ஸ்டாண்டைச் சேர்ந்தவர் தவிர வேறு யாரும் அங்கே சவாரி எடுக்க முடியாது, புதிதாக வருபவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆப் வந்ததும் இந்த இரண்டும் உடைந்தன. பயணிக்கு விலை முன்கூட்டியே தெரிந்தது, புது டிரைவருக்கு எங்கிருந்தும் சவாரி கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கை ஆப் எடுத்துக்கொண்டது. டிரைவர்கள் சவாரியை ஏற்றுக்கொண்டுவிட்டு, போன் போட்டு "சார், ஆப்ல எவ்வளவு காட்டுது? கேன்சல் பண்ணிட்டு அதையே குடுத்துடுங்க" என்று கேட்ட காலம் நினைவிருக்கும். அது வெறும் குறும்பு இல்லை, கமிஷனுக்கு எதிராக அவர்கள் கண்டுபிடித்த வழி.

அப்புறம் நம்ம யாத்ரி போன்ற ஆட்டோ ஆப்கள் வந்தன. சவாரிக்குச் சவாரி கமிஷன் இல்லை, ஆப்பைப் பயன்படுத்த ஒரு சிறு கட்டணம் மட்டும். போட்டி தாங்காமல் 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோவுக்குக் கமிஷனை விட்டுவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: ஆப் எடுக்கும் பங்கு இயற்கை விதி ஒன்றும் இல்லை. போட்டி இருந்தால், டிரைவர்கள் ஒன்றாக வேறு ஆப்புக்குப் போக முடிந்தால், அது இறங்கும். டெலிவரியில் பெரிய ஆப்கள் இரண்டே இரண்டு என்பதால் அங்கே இது நடக்கவில்லை. சந்தா முறையிலும் ஒரு சிக்கல் இல்லாமல் இல்லை. சவாரி குறைவாகக் கிடைத்தாலும் சந்தா கட்ட வேண்டும், ஆப்பில் காட்டும் தொகைக்கு மேல் டிரைவர் கேட்டால் அது உங்கள் இருவருக்குள் என்று நிறுவனம் ஒதுங்கிக்கொள்கிறது. பேரம் திரும்பத் தெருவுக்கே வந்துவிட்டது.

போன வேலைகள், போகப் போகும் வேலைகள்

போனவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எஸ்டிடி பூத், ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், கேசட் கடை, போட்டோ கழுவும் லேப். பிரவுசிங் சென்டர்கள் முக்கால்வாசி போயின, மிச்சம் இருப்பவை டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பான் கார்டு, பட்டா, சான்றிதழ் என்று ஆன்லைன் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடைகளாக மாறிவிட்டன. எல்லாம் ஆன்லைன் ஆனதால் உண்டான வேலை இது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மட்டும் எல்லாருடைய ஆரூடத்தையும் தோற்கடித்து இன்றும் தட்டிக்கொண்டிருக்கிறது, காரணம் அரசு தட்டச்சர் வேலைக்குத் தட்டச்சுத் தேர்ச்சி கேட்கிறார்கள். தொழில்நுட்பம் மட்டும் வேலையைத் தீர்மானிப்பதில்லை, ஓர் அரசாணையும் தீர்மானிக்கும்.

டிஜிட்டல் வேலையே டிஜிட்டலால் போவதும் உண்டு. 2000-ஐ ஒட்டி சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஓர் அலை அடித்தது. அமெரிக்க மருத்துவர் பேசிப் பதிவுசெய்ததை இங்கே காதில் மாட்டிக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையம் இருந்தது. பேச்சைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது, அலை வடிந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பயமும் இந்த வகைதான், ஆனால் அளவு பெரிது. ஏன் என்று புரிய ஐடி சேவை நிறுவனங்கள் எப்படிச் சம்பாதிக்கின்றன என்று தெரிய வேண்டும். ஒரு வெளிநாட்டு வங்கிக்காக 100 பேர் வேலை செய்தால், ஆளுக்கு மணிக்கு இவ்வளவு என்று பில் போடுவது இங்கே வெகுநாள் வழக்கம். வேலை கூடினால் ஆளும் கூடும். அதனால்தான் வருடா வருடம் கல்லூரிகளுக்கு வந்து கொத்துக் கொத்தாக ஆள் எடுத்தார்கள், பில் போட இன்னும் வேலை இல்லாதவர்களைப் பெஞ்சில்கூட வைத்திருந்தார்கள். சென்னையைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாகச் சேருபவருக்குக் கொடுக்கும் சோதனை வேலை, பழைய நிரலில் சின்னத் திருத்தம், வாடிக்கையாளர் புகாருக்குப் பதில் ஆகியவற்றைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்போது வருமானம் கூடினாலும் ஆள் கூட வேண்டிய அவசியம் இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், கிட்டத்தட்ட 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. இது செயற்கை நுண்ணறிவால் அல்ல, திறன் பொருந்தாததால் என்றது நிறுவனம். எப்படியிருந்தாலும், முதல் படியில் ஆள் எடுப்பது குறைந்தால், அந்த இளைஞர் தங்க வேண்டிய பீஜியும் சாப்பிட வேண்டிய மெஸ்ஸும் சேர்ந்து குறையும். மேலே சொன்ன பெருக்கல் பின்பக்கமாகவும் ஓடும்.

மறுபக்கம், வெளிநாட்டு நிறுவனங்கள் தாங்களே நேரடியாக இங்கே திறக்கும் ஜிசிசி அலுவலகங்கள் பெருகுகின்றன. சம்பளம் அதிகம், ஆள் எண்ணிக்கை குறைவு, அனுபவம் கேட்பார்கள். இணையத் தகவல்களைச் சேமித்துவைக்கும் பெரிய கணினிக் கூடங்களான டேட்டா சென்டர்களும் வருகின்றன. கடலுக்கடியில் வரும் இணையக் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால் இந்த ஊர் அதற்குத் தோது. ஆனால் ஆயிரம் கோடி முதலீடு என்ற தலைப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், கட்டி முடித்தபிறகு ஒரு டேட்டா சென்டரை நடத்த வெகு சிலரே போதும். அதே முதலீட்டில் செல்போன் ஆலை என்றால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக அரசு 2024 ஆகஸ்ட்டில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். டிஜிட்டல் பொருளாதாரம் என்ற அதே பெயருக்குள்தான் இரண்டும் வருகின்றன.

எண்ணுவதும் சட்டமும்

இன்னொரு நுணுக்கம். நாட்டின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில், வார நிலைக் கணக்குப்படி, கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் அவர் 'வேலையில் இருப்பவர்'. வாரத்துக்கு எழுபது மணி நேரம் வண்டி ஓட்டுபவரும் ஞாயிறு மட்டும் ரெண்டு ஆர்டர் எடுக்கும் கல்லூரி மாணவரும் அங்கே ஒன்றுதான். அதனால் வேலையின்மை குறைந்தது என்று ஒரு செய்தி வந்தால் அது பொய்யாக இருக்காது, ஆனால் அதில் எத்தனை பேருக்கு மாதம் ஓடும் வருமானம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2022-இல் கொடுத்த மதிப்பீட்டில், நாட்டில் இப்படி நிரந்தரச் சம்பளம் இல்லாமல் அவ்வப்போது கிடைக்கும் வேலையை, அதாவது கிக் வேலையை, செய்பவர்கள் 2020-21-இல் 77 லட்சம், 2029-30-க்குள் 2.35 கோடி ஆகலாம்.

இவ்வளவு பேர் என்றபிறகு அரசுகள் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஆப் வழி வேலை செய்பவர்களுக்கான தனி நலவாரியம் 2023-இல் அமைந்தது. சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் இவர்களுக்காக ஏசி ஓய்வறை ஒன்றைத் திறந்தது. கேலி செய்தவர்களும் உண்டு, ஆனால் மே மாத வெயிலில் ஒதுங்க இடமும் போகக் கழிப்பறையும் இல்லாமல் நாள் முழுக்க ரோட்டில் இருப்பவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அது என்னவென்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

சட்டத்தில் பெரிய மாற்றம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம். 2020-இலேயே நிறைவேறி ஐந்து வருடம் தூங்கியது. கிக் தொழிலாளர், பிளாட்ஃபார்ம் (ஆப் வழி) தொழிலாளர் என்ற சொற்களுக்கு மத்தியச் சட்டத்தில் முதல்முறையாக வரையறை வந்தது இதில்தான். ஆப் நிறுவனங்கள் தங்கள் வருடாந்திர விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை ஒரு நிதிக்குக் கட்ட வேண்டும், ஆனால் அது தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விபத்து, உடல்நலம், பிரசவம், முதுமை ஆகியவற்றுக்கான உதவி இதிலிருந்து வரலாம். குறைந்தபட்சக் கூலி இதில் இல்லை, ஐடி பிளாக் ஆனால் கேள்வி கேட்கும் உரிமையும் இதில் இல்லை. மணிக்கு 55 என்று மேலே போட்ட கணக்கு அப்படியேதான் இருக்கும். கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு பங்கு வேறு தலைக்கு மாறும்.

யாருக்குக் கிடைக்கும் என்பதற்கு 2025 டிசம்பர் இறுதியில் வந்த வரைவு விதிகள் ஒரு கணக்குச் சொல்கின்றன: ஒரே ஆப்பில் என்றால் வருடத்தில் 90 நாள், பல ஆப்களில் என்றால் மொத்தம் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும், ஒரே நாளில் மூன்று ஆப்பில் ஓட்டினால் அது மூன்று நாளாகக் கணக்கு. சென்னையில் காலையில் ஒரு ஆப், மத்தியானம் சாப்பாட்டு ஆப், ராத்திரி பைக் டாக்ஸி என்று ஓட்டுபவர்களுக்கு இது சாதகம்தான். நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இப்படி ஓட்டுபவராக இருந்தால் ஆதாரை வைத்து மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்துவிடுங்கள், மாநில நலவாரியத்தில் தனியாகப் பதிய வேண்டும், இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு ஆப்பிலும் மாதா மாதம் வரும் வருமான விவரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்காவது பத்திரப்படுத்துங்கள். ஐடி பிளாக் ஆனால் ஆப்புக்குள் போக முடியாது, உள்ளே இருந்த கணக்கையும் பார்க்க முடியாது.